மஞ்சள் கழுதை வெளிவரும் வாய்ப்பு

பூட்டுக்காரரிடம் இருந்தது ஒரே ஒரு கேள்வி. ஐந்து நிமிடத்தில் கேட்டுவிட்டு வந்துவிடலாம் என்று நம்பி, ஒரு சனிக்கிழமை நாலு மணிக்குக் கடை ஷட்டரைப் பாதி இறக்கி, ‘இதோ வந்துடறேன்’ அட்டையைத் தொங்கவிட்டுக் கிளம்பினார். அந்தக் கேள்விக்கு எழுத்துபூர்வமான பதில் கைக்கு வந்து சேரப் பதினான்கு மாதம் ஆயிற்று. நல்லவேளை, ஷட்டரை முழுசாக இறக்கவில்லை.

கேள்வி அவருடையதுகூட இல்லை, அக்காவுடையது. அக்கா இருபத்திரண்டு வருடம் வயல்களுக்குப் பூச்சிமருந்து தெளிக்கும் விமானம் ஓட்டியவர். ஒற்றை எஞ்சின், ஒற்றை இருக்கை, மூக்கிலிருந்து வால்வரை மஞ்சள் பெயிண்ட். மருந்துத் தொட்டியைச் சுமந்துகொண்டு மர உச்சியை உரசுகிற உயரத்தில் நாள் முழுக்கப் போவதும் வருவதுமாக இருக்கும். ஓட்டுகிறவர்கள் அதற்கு ‘மஞ்சள் கழுதை’ என்று பெயர் வைத்திருந்தார்கள். அக்கா ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆகிறது. போன மழைக்காலத்தில் வலது கை லேசாக நடுங்க ஆரம்பித்தது. டாக்டர் மழுப்பாமல் சொல்லிவிட்டார். மருந்து நடுக்கத்தின் வேகத்தைக் குறைக்கும், நிறுத்தாது. நுணுக்கமான வேலைக்கு இன்னும் ஒரு வருடம் அந்தக் கை உதவும். அதற்குப் பிறகு சட்டைப் பொத்தானே சிரமம்.

அக்கா டாக்டரிடமிருந்து நேராக வீட்டுக்கு வந்து ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தார். தம்பியை உட்காரச் சொன்னார்.

“டேய், இருபத்திரண்டு வருஷம் அந்த வண்டியில உக்காந்திருக்கேன். ஒரு தடவைகூட அதை நான் கட்டினதில்லை. இந்த பிளாஸ்டிக் துண்டெல்லாம் ஒட்டிக் கட்டற பெட்டி விக்கறாங்களே, அதுல என் வண்டி கிடைக்குமா பாரு. கை இருக்கறப்பவே கட்டிடறேன்.”

இதைவிடச் சின்ன ஆசை ஒரு மனுஷி படமுடியாது. பூட்டுக்காரர் மறுநாளே பொம்மைக் கடைக்குப் போனார். போர் விமானம் நூறு தினுசு இருந்தது. குண்டு போட்ட விமானம், போட இருந்த விமானம், போடாமலேயே விழுந்த விமானம் எல்லாம் இருந்தது. மருந்து தெளித்த விமானம் ஒன்றுகூட இல்லை.

“அந்த விமானத்தைக் கட்டற பெட்டியை, அதான் கிட்டை, எந்தக் கம்பெனியும் போட்டதில்லை சார். இனிமே போடுவாங்களான்னு தெரியணும்னா மாதிரி விமானப் பேரவையில கேளுங்க. எந்த கிட் வரப்போகுது, என்ன விலைங்கறது கம்பெனிக்கு முன்னாடி அவங்களுக்குத் தெரியும்” என்றார் கடைக்காரர். அவர் முகத்தில் சிரிப்பு இருந்ததா என்று பூட்டுக்காரர் அப்போது கவனிக்கவில்லை.

பேரவை ஒரு சலவைக் கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில் இருந்தது. ‘மாதிரி விமானப் பேரவை (பதிவு பெற்றது)’ என்று பித்தளைப் பலகை. கதவைத் திறக்கும்போது கூரையிலிருந்து குட்டி விமானங்கள் தொங்கும், பசை வாடையும் பெயிண்ட் வாடையும் அடிக்கும் என்று பூட்டுக்காரர் எதிர்பார்த்தார். கீழேயிருந்து வந்த இஸ்திரி வாடைதான் அடித்தது. நாலு சுவரிலும் ஃபைல்கள். ஃபைல் இல்லாத இடத்தில் ஏறி இறங்கும் கோடுகள் போட்ட வரைபடங்கள். மூலையில் ஒரு இரும்பு அலமாரி, அதற்கு மூன்று பூட்டு. தொழில் புத்தியில் அவர் கண் முதலில் அங்கேதான் போனது. இரண்டு நல்ல பூட்டு. மூன்றாவது, முறைத்துப் பார்த்தாலே திறந்துகொள்ளும் ரகம்.

மேஜைக்குப் பின்னால் செயலாளர் ஒரு காகிதத்தில் முத்திரை குத்திக்கொண்டிருந்தார்.

“விமானமெல்லாம் எங்க சார்?” என்று கேட்டார் பூட்டுக்காரர்.

“எந்த விமானம்?”

“நீங்க கட்டி வெச்சிருக்கற மாதிரி விமானம்.”

செயலாளர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “இங்க யாரும் கட்டறதில்லைங்க. கட்டறவங்க வேற எங்கயோ இருக்கறதா கேள்வி. நாங்க எதிர்பார்க்கறவங்க.”

“எதை?”

“அடுத்து வரப்போற கிட்டை. எது வரும், எப்ப வரும், எந்த அளவுல வரும், என்ன விலைக்கு வரும். நாலு கேள்விக்கு நாலு குழு. விதி நாலு படிச்சீங்களா? பெட்டியைத் திறந்த உறுப்பினர் நடுநிலைமையை இழந்தவராவார். போன துணைச் செயலாளர் பிறந்தநாளுக்கு வந்த பெட்டியை வீட்டுல வெச்சுத் திறந்துட்டார். ஞாயித்துக்கிழமை, மழை, பொழுது போகலைன்னு விளக்கம் எழுதிக் குடுத்தார். ஏத்துக்கலை.”

பூட்டுக்காரர் தலையைச் சொறிந்துகொண்டார். பிறகு வந்த காரியத்தைச் சொன்னார். மஞ்சள் கழுதை, மருந்து தெளிக்கிறது, ஒற்றை எஞ்சின், அக்காவுக்கு வேண்டும், வருமா வராதா?

செயலாளர் ஒரு படிவத்தை எடுத்து நடுவில் கார்பன் வைத்தார். “இதை எங்க கேள்விப்பட்டீங்க?”

“எங்கயும் கேள்விப்படலை. வருமான்னு கேக்கத்தான் வந்தேன்.”

“தகவல் கொண்டு வர்றவங்க எல்லாருமே இப்படித்தான் ஆரம்பிப்பாங்க” என்று சொல்லிக்கொண்டே எழுதினார். “தொழில்?”

“பூட்டு ரிப்பேர்.”

“நல்லது. ரகசியம் காக்கத் தெரிஞ்ச தொழில்.” அதையும் எழுதினார். பிறகு முத்திரை குத்தி, கேள்வி எண் முப்பத்தொன்று என்று ரசீது கொடுத்து, உறுப்பினர் ஆவதற்கான விண்ணப்பம் ஒன்றும் நீட்டினார். அது பரிசீலனையில் இருக்கும்வரை பூட்டுக்காரர் கூட்டங்களுக்கு வரலாம், கடைசி வரிசையில் உட்காரலாம், இருமக் கூடாது.

அடுத்த சனிக்கிழமை இருமாமல் உட்கார்ந்திருந்தார். அவருடைய கேள்விதான் அன்றைய முதல் பொருள்.

முதலில் நிழல் நிபுணர் எழுந்தார். ஆஸ்பத்திரியில் முப்பது வருடம் எக்ஸ்ரே எடுத்தவர். ஒரு பெரிய கிட் கம்பெனியின் விலைப்பட்டியல் புத்தகத்தில் பதினாலாம் பக்கத்தில், கம்பெனி முதலாளி மேஜையில் உட்கார்ந்து சிரிக்கும் படம் இருந்தது. முதலாளியை விட்டுவிட்டு அவருக்குப் பின்னால் சுவரில் விழுந்த நிழலை நிபுணர் நாற்பது மடங்கு பெரிதாக்கிக் கொண்டுவந்திருந்தார்.

“இந்த வளைவைப் பாருங்க. இது வால். இது மருந்துத் தொட்டி. சந்தேகமே வேண்டாம், அந்த மேஜையில ஒரு மஞ்சள் கழுதை நிக்குது.”

பூட்டுக்காரரால் சும்மா இருக்க முடியவில்லை. “சார், அது காபி கோப்பையோட பிடி மாதிரி இருக்கே? கோப்பைகூட மேஜையில தெரியுதே?”

கூட்டம் திரும்பிப் பார்த்தது. நிழல் நிபுணர் கோபப்படவில்லை. இரக்கத்தோடு சிரித்தார். “கோப்பையை எதுக்கு அங்க வெச்சாங்க? யோசிச்சுப் பாருங்க. மறைக்கத்தானே?”

கைதட்டல் எழுந்தது. செயலாளர் அதையும் எழுதிக்கொண்டார்.

அடுத்து விலைக்குழு. அதன் தலைவி ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் மனிதர்கள் எந்த வயதில் சாவார்கள் என்று கணக்குப் போட்டுக் கொடுத்தவர். ஓய்வுக்குப் பிறகு அதே சூத்திரத்தைக் கிட் விலைக்குப் பயன்படுத்தினார், பெரிய மாற்றம் தேவைப்படவில்லை. முப்பத்தெட்டு என்றார். குழுவில் இன்னொருவர் நாற்பத்தொன்று என்றார். முப்பத்தெட்டுக்கும் நாற்பத்தொன்றுக்கும் நடுவில் ஒன்றேகால் மணி நேரம் போனது. ஒரு கட்டத்தில் ஒருவர் கண் கலங்கி, “நாற்பத்தொண்ணுக்கு இதை வாங்கற நிலைமைக்கு நம்ம தலைமுறை வந்துடுச்சே” என்று உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் இருந்தவர் அவர் முதுகைத் தடவிக்கொடுத்தார். இந்த உலகத்தில் இல்லாத ஒரு பெட்டிக்கு, தராத ஒரு விலைக்காக, ஒரு மனிதர் அழுவதைப் பூட்டுக்காரர் அன்றுதான் பார்த்தார்.

கடைசியில் தலைவர் பேசினார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் பேச்சு நீளும் என்று அர்த்தம். கழற்றினார்.

“நண்பர்களே! பத்தொம்பது வருஷத்துல இந்தப் பேரவை அறுநூத்திப் பன்னெண்டு கிட்டை முன்கூட்டியே அறிவிச்சிருக்கு. அதுல மூணு வெளிவந்துச்சு. வெளியில சில பேர் இதைத் தோல்விங்கறாங்க. நான் கேக்கறேன், மீதி அறுநூத்தி ஒம்பது எங்க போச்சு? எங்கயும் போகலை! இன்னும் வர வேண்டியிருக்கு! உலகத்துல வேற எந்த அமைப்புகிட்ட இவ்வளவு கையிருப்பு இருக்கு? உண்மையைச் சொல்லணும்னா, வந்துட்ட அந்த மூணுதான் நமக்கு நஷ்டம். வந்துட்ட கிட்டைப் பத்திப் பேச என்ன இருக்கு? கடையில நிக்கும். எவனாவது வாங்கிட்டுப் போய்க் கட்டுவான். அத்தோட முடிஞ்சது கதை!”

எழுந்து நின்று கைதட்டினார்கள். பூட்டுக்காரரும் எழுந்தார், எல்லோரும் எழும்போது உட்கார்ந்திருக்க அவருக்குக் கூச்சம்.

மாதம் பிறந்ததும் பேரவையின் செய்திமடல் வந்தது. முதல் பக்கத்தில் கட்டம் கட்டி: ‘மஞ்சள் கழுதை வருகிறது? பூட்டுத் தொழில் வட்டாரங்களில் பலத்த பேச்சு.’ அதற்கடுத்த மாதம் கடல் கடந்த ஒரு நாட்டின் பேரவை அதை எடுத்துத் தன் மடலில் போட்டது, கேள்விக்குறியை மட்டும் எங்கோ வழியில் தொலைத்துவிட்டது. மூன்றாம் மாதம் இங்கே தலைப்பு கொட்டை எழுத்தில் வந்தது: ‘மஞ்சள் கழுதை: வெளிநாட்டிலும் உறுதி.’

கடைக்குச் சாவி போட வந்தவர்கள் சாவியை மறந்துவிட்டுக் கல்லாமேல் சாய்ந்தார்கள். “வட்டாரம்னா நீங்கதானாமே? எப்ப வருது? காதோட காதா சொல்லுங்க.” எனக்கு ஒன்றும் தெரியாது என்று பூட்டுக்காரர் சொல்லச் சொல்ல, விஷயம் பெரிது என்று அவர்களுக்குப் புரிந்தது. ஒருவர் கண் சிமிட்டிவிட்டுப் போனார். அந்தக் கண் சிமிட்டல் விலைக்குழுவுக்குப் போய், எதிர்பார்ப்பு அதிகமாகிவிட்டதால் விலை ஐம்பத்தைந்து என்று திரும்பி வந்தது.

இதில் வெட்கப்பட வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. மூன்றாவது மடலைப் படித்த அன்று பூட்டுக்காரரே அரை நாள் நம்பிவிட்டார். தான் கேட்ட கேள்விதான் ஊரைச் சுற்றிவிட்டுச் சட்டை மாற்றிக்கொண்டு வந்திருக்கிறது என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும், ‘உறுதி’ என்ற சொல்லை அச்சில் பார்த்ததும் மனசு கேட்கவில்லை. வீட்டுக்கு ஓடி அக்காவிடம் காட்டினார்.

“வருதாம்க்கா!”

அக்காவின் முகம் மலர்ந்த மலர்ச்சியைப் பார்த்த பிறகு, ‘இது நான் கிளப்பிவிட்டதுதான்’ என்று எப்படிச் சொல்வது? சொல்லவில்லை. அக்கா மறுநாளே பசையும் இடுக்கியும் மூன்று தூரிகையும் மஞ்சள் பெயிண்ட் ஒரு டப்பாவும் வாங்கி வந்தார். சாப்பாட்டு மேஜையில் ஓரம் ஒதுக்கி, தினமும் காலையில் தீக்குச்சிகளை ஒட்டிக் கை பழகினார். ஒரு வாரம் ஆறு குச்சி நேராக நின்றது. இரண்டு மாதம் கழித்து நாலு. தேநீர்க் கோப்பையைச் சாசரில் வைக்கும்போது கடகடவென்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்கக்கூடாது என்று அக்கா சாசரையே விட்டுவிட்டார். 

பூட்டுக்காரர் சனிக்கிழமைதோறும் பேரவைக்குப் போய், “எப்ப சார்?” என்று கேட்டார்.

“எதிர்பார்ப்பு நல்லா முன்னேறிட்டிருக்கு” என்றார் செயலாளர்.

எட்டு மாதம் இப்படியே ஓடியது. ஒன்பதாம் மாதம் பேரவையில் பிளவு வந்தது. துணைத்தலைவர் கோபித்துக்கொண்டு வெளியேறி, ஹெலிகாப்டர் கிட்டுகளை மட்டும் எதிர்பார்க்கும் தனிச் சங்கம் ஒன்றைத் தெருவுக்கு எதிர்ப்புறமே ஆரம்பித்தார். போகும்போது இரும்பு அலமாரியின் மூன்றாவது சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ‘ஆதார அலமாரி’ என்று பெயர் கொண்ட அந்த அலமாரிக்குத் தலைவர், துணைத்தலைவர், செயலாளர் மூவரிடமும் ஆளுக்கொரு சாவி. மூன்றும் சேர்ந்தால்தான் திறக்கும். ஆண்டுக் கூட்டத்தில் ஆதாரங்களைச் சரிபார்த்தாக வேண்டும். எனவே பூட்டுக்காரருக்கு வேலை உத்தரவு வந்தது: ‘மூன்றாவது பூட்டைத் திறந்து, புதுப் பூட்டு மாட்டவும். உதவியாளர் ஒருவர் அனுமதிக்கப்படுவார்.’

“பையைத் தூக்க நான் வர்றேன்” என்றார் அக்கா. “எதிர்பார்க்கறவங்க எப்படி இருப்பாங்கன்னு பாக்கணும்.”

பூட்டுக்காரர் கனமான சாமான்களைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பையில் லேசானவற்றை மட்டும் வைத்தார்.

கூட்டத்தில் பதினைந்து பேர் இருந்தார்கள். தலைவர் ஒரு பூட்டைத் திறந்தார், செயலாளர் ஒன்றைத் திறந்தார். மூன்றாவதைப் பூட்டுக்காரர் திறந்தார். கம்பியைப் பையிலிருந்து எடுக்கத்தான் நேரம் பிடித்தது, திறக்க நேரம் பிடிக்கவில்லை. ஆனாலும் மரியாதைக்காக இரண்டு தடவை பெருமூச்சு விட்டார்.

உள்ளே மேல்தட்டு முழுக்க மங்கலான புகைப்படங்கள். நடுத்தட்டில் விலை எழுதி அரக்கு வைத்த உறைகள். கீழ்த்தட்டில் செலோஃபேன் தாள் பிரிக்காத ஒரு அட்டைப்பெட்டி. பெட்டியின் மேல், மர உச்சியை உரசிக்கொண்டு பறந்தது ஒரு மஞ்சள் விமானம்.

அக்கா பையைக் கீழே வைத்தார். “டேய்” என்றார். 

பெட்டியோடு நூலால் கட்டிய கடிதம் இருந்தது. கிட் கம்பெனி எழுதியது. பூட்டுக்காரர் சத்தமாகவே படித்தார். ‘அன்புடையீர், இந்த விமானத்துக்குச் சோதனையாக வார்ப்பு அச்சு செய்திருக்கிறோம். முதல் மாதிரியை உங்களுக்கு அனுப்புகிறோம். உங்கள் உறுப்பினர் யாராவது கட்டிப் பார்த்து, விற்குமா என்று தொண்ணூறு நாளில் இரண்டு வரி எழுதினால் வெளியிடுவோம். விலை இருபத்து நான்கு வைக்கலாம் என்று உத்தேசம்.’

கீழே தேதி. மூன்று வருடத்துக்கு முந்தையது.

பூட்டுக்காரருக்குக் கோபம் வருவது அபூர்வம். வந்தால் குரல் மெலிந்துவிடும். “சார், ஒம்பது மாசமா இந்த அலமாரிக்கு எதிர்லதான் நான் உக்காந்திருந்தேன். வருமா வருமான்னு கேட்டேன். இதுக்குள்ளயே இருந்திருக்கே?”

“தெரியும்” என்றார் செயலாளர்.

“தெரியுமா?”

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். “தம்பி, உணர்ச்சிவசப்படாம கேளுங்க. இந்தப் பேரவைக்கு வதந்தியை விசாரிக்கத்தான் அதிகாரம். கம்பெனியே கடிதம் போட்டுச் சொன்னா அது வதந்தி ஆகாது. வதந்தி இல்லாததை எங்க குழு எப்படி விசாரிக்கும்? அதனால, வேற ஏதாவது நம்பகமான இடத்திலேர்ந்து வதந்தி வர்ற வரைக்கும் இதைப் பத்திரமா பூட்டி வெச்சோம். மூணு பூட்டு! எவ்வளவு பொறுப்பா இருந்திருக்கோம்னு பாருங்க. ரெண்டேகால் வருஷம் காத்திருந்தோம். அப்பதான் நீங்க வந்தீங்க.”

“வந்து கேட்டேன்ல?”

“ஆமா. அதனாலதான் விசாரணையே ஆரம்பிச்சுது. இன்னும் நாலு வருஷத்துல முடிஞ்சிடும்.”

“எங்க அக்கா கைக்கு நாலு வருஷம் கிடையாது சார்!”

 இப்படிப்பட்ட வாக்கியத்துக்கு அவர்களிடம் படிவம் இல்லை. அக்கா குனிந்து, யாரையும் கேட்காமல், பெட்டியை எடுத்தார். நடுங்குகிற கையில் பெட்டிக்குள்ளிருந்த துண்டுகள் கிலுகிலுவென்று ஒலித்தன. பத்தொன்பது வருடத்தில் அந்த அறையில் ஒரு கிட் சத்தம் போட்டது அதுதான் முதல் தடவை.

“அம்மா, அது ஆதாரம். கீழ வெச்சிடுங்க” என்றார் செயலாளர்.

“இது என் வண்டி” என்றார் அக்கா. “இதுல எத்தனை துண்டு இருக்கு?”

 நிழல் நிபுணர் தொண்டையைக் கனைத்தார். “எங்க மதிப்பீட்டுப்படி அறுபதிலேர்ந்து நூத்திநாப்பது வரைக்கும்.”

“திறந்தா எண்ணிடலாமே.”

“விதி நாலு!” என்று மூன்று பேர் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

அப்போதுதான் விலைக்குழுத் தலைவி எழுந்தார். அவர் அதுவரை பெட்டியைப் பார்க்கவில்லை, அக்காவின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். வாழ்நாள் முழுக்க அந்த மாதிரிக் கைகளுக்கு மேஜையில் உட்கார்ந்து கணக்குப் போட்டவர்.

“எப்ப ஆரம்பிச்சுது?” என்று கேட்டார்.

“போன மழைக்கு” என்றார் அக்கா.

தலைவி மனசுக்குள் ஏதோ கூட்டினார், கழித்தார். வந்த விடையை யாருக்கும் சொல்லவில்லை. தலைவர் பக்கம் திரும்பினார். “விதி நாலு, பெட்டியைத் திறந்த ‘உறுப்பினர்’னுதான் சொல்லுது. இவங்க தம்பியோட விண்ணப்பமே இன்னும் பரிசீலனையில இருக்கு. இவங்க விண்ணப்பம்கூடக் குடுக்கலை. உறுப்பினர் இல்லாதவங்க பெட்டியைத் திறக்கறதைத் தடுக்க நமக்கு விதி இல்லை.”

செயலாளர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். முன்னாலிருந்து ஒரு தடவை, பின்னாலிருந்து ஒரு தடவை. முகம் வெளிறி, “இல்லைங்கய்யா” என்றார்.

தலைவருக்கு வியர்த்தது. ஆனால் விதி விதிதான், அந்த மட்டுக்கு அவர் யோக்கியர். “அப்ப ஒண்ணு செய்வோம். உறுப்பினர்கள் நடுநிலைமையைக் காப்பாத்திக்கணும். எல்லாரும் சுவரைப் பாத்துத் திரும்புங்க.”

பதினைந்து பெரிய மனிதர்கள் நாற்காலியை விட்டு எழுந்து, தண்டனை வாங்கிய பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்கள். சிலர் கண்ணையும் மூடிக்கொண்டார்கள். ஒருவர் காதைப் பொத்தினார். அக்கா நகத்தால் செலோஃபேனைக் கீறினார். முதல் தடவை நகம் வழுக்கியது, இரண்டாவது தடவையும் வழுக்கியது. பூட்டுக்காரர் கையை நீட்டினார்.

“விடுடா. நானே.”

மூன்றாவது தடவை தாள் கிழிந்தது. மூடி திறந்தது. அக்கா மேஜைமேல் துண்டுகளை எண்ண ஆரம்பித்தார். இறக்கை இரண்டு, வால் ஒன்று, மருந்துத் தொட்டி, தெளிப்புக் குழாய், ஓட்டுபவரின் சின்ன உருவம்கூட ஒன்று இருந்தது. நாற்பதைத் தாண்டும்போது சுவர்ப்பக்கமிருந்து ஒருவர் விசும்புவது கேட்டது. பதினாலு முதுகுகளுக்கு நடுவில் ஒரே ஒரு முகம் மட்டும் இந்தப் பக்கம் திரும்பியிருந்தது. விலைக்குழுத் தலைவி பார்த்துக்கொண்டிருந்தார்.

“அறுபத்தொண்ணு” என்றார் அக்கா.

“என் மதிப்பீட்டுக்குள்ளதான் வருது” என்றார் நிழல் நிபுணர், சுவரைப் பார்த்தபடியே.

தலைவியின் பதவி அன்றே போயிற்று. அடுத்த சனிக்கிழமை நாலு மணிக்கு, போக வேறு இடமில்லாமல், அவர் அக்கா வீட்டுக் கதவைத் தட்டினார். அன்றிலிருந்து அவருக்குத் துண்டுகளின் ஓரத்தை உப்புத்தாளால் தேய்க்கிற வேலை. கூடவே விலை எதுவும் சொல்லக்கூடாது என்று நிபந்தனை.

மஞ்சள் கழுதையைக் கட்டி முடிக்க அக்காவுக்கு மூன்று மாதம் ஆயிற்று. காலையில் மருந்து சாப்பிட்ட ஒரு மணி நேரத்துக்குள் கை கொஞ்சம் அடங்கியிருக்கும், அந்த நேரத்தில் ஒரு துண்டு ஒட்டுவார். சில நாள் அரைத்துண்டு. சில நாள் ஒட்டியதைப் பிய்த்து எடுப்பதோடு சரி. ஓட்டுபவரின் உருவத்தை உட்காரவைத்த அன்று இடுக்கி நாலு தடவை கீழே விழுந்தது, அக்கா அழுதார். அழுதுவிட்டு ஐந்தாவது தடவை வைத்தார். பேரவையின் செய்திமடல் தடிமனான தாள், அதை மேஜையில் விரித்துத்தான் பெயிண்ட் அடித்தார். நிழல் நிபுணரின் கட்டுரை முழுக்க மஞ்சள் சொட்டுகள்.

முடிந்தபோது இடது இறக்கை லேசாகச் சாய்ந்திருந்தது. பூட்டுக்காரர் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தார்.

“சாஞ்சிருக்கு, இல்ல?” என்றார் அக்கா.

“கொஞ்சம்.”

“சரியாத்தான் இருக்கு. நான் ஓட்டினதும் அப்படித்தான் இழுக்கும்.”

புகைப்படம் எடுத்து, கேட்ட இரண்டு வரியையும் எழுதி, அக்கா கம்பெனிக்கு அனுப்பினார். ‘கட்டிப் பார்த்தேன். நன்றாக இருக்கிறது.’ ஒரே வாரத்தில் பதில் வந்தது. கம்பெனிக்காரர்களுக்குப் படம் ரொம்பப் பிடித்துவிட்டதாம். பேரவையிலிருந்து பதில் வராததால், யாருக்கும் வேண்டாம் போலிருக்கிறது என்று நினைத்து, அச்சை இரண்டு வருடத்துக்கு முன்பே உருக்கிவிட்டார்களாம். உங்களிடம் இருப்பதுதான் உலகத்தில் ஒரே ஒரு மஞ்சள் கழுதை, பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று எழுதியிருந்தார்கள். அந்தக் கடிதத்தின் நகல் ஒன்றையும் புகைப்படம் ஒன்றையும் பூட்டுக்காரர் பேரவைக்கும் கொண்டுபோய்க் கொடுத்தார். செயலாளர் முத்திரை குத்தி வாங்கி, அலமாரியில் வைத்து, மூன்று பூட்டையும் பூட்டினார்.

கேள்வி கேட்ட பதினாலாம் மாதம், பதிவுத் தபாலில் உறை வந்தது. அப்போது அக்காவின் கை டாக்டர் சொன்ன இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தது. பூட்டுக்காரர் கடைக்குப் போகும் முன் அக்காவின் சட்டைக் கைப்பொத்தானைப் போட்டுவிட்டுக்கொண்டிருந்தார். மேஜைக்கு மேலே, ஜன்னல் காற்றில், மஞ்சள் கழுதை நூலில் ஆடியது.

“படிடா” என்றார் அக்கா.

“கேள்வி எண் முப்பத்தொண்ணு. மஞ்சள் கழுதை வெளிவருமா? பேரவையின் முடிவு: தங்கள் இல்லத்தில் இருப்பதாகச் சொல்லப்படும் பொருளின் புகைப்படத்தை நிழல் நிபுணர் ஆராய்ந்தார். இறக்கை சாய்ந்திருப்பதால் அது போலி எனத் தெரிகிறது. எனினும் நம்பிக்கை இழக்க வேண்டாம். வெளிவரும் வாய்ப்பு நூற்றுக்குப் பன்னிரண்டு. பொறுமையுடன் எதிர்பார்க்கவும்.”

அக்கா சிரிக்க ஆரம்பித்தார். சிரித்த சிரிப்பில் போட்ட பொத்தான் கழன்றுவிட்டது. கண்ணைத் துடைக்கக் கையைக் கொண்டுபோனார், கை கண்ணைத் தாண்டிக் காதுக்குப் போனது. அதற்கும் சேர்த்துச் சிரித்தார். பூட்டுக்காரர் தன் கைக்குட்டையால் துடைத்துவிட்டார்.

“விலை போட்டிருக்காங்களா?”

பூட்டுக்காரர் தாளைத் திருப்பிப் பார்த்தார். “தொண்ணூத்தி ரெண்டு.”

அக்கா தலையைத் தூக்கி, காற்றில் இடது பக்கம் சாய்ந்து ஆடிக்கொண்டிருந்த தன் வண்டியைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“ரொம்ப ஜாஸ்திடா” என்றார். “வந்தா வாங்காத.”